நீச்சல் டீமை மூடிட்டு எங்ககிட்ட விசுவாசம் கேக்காதீங்க: நான் படிச்ச அமெரிக்க யூனிவர்சிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அத்லெட்டிக் டைரக்டர் அவர்களுக்கும் போர்டு ஆஃப் டிரஸ்டீஸ் உறுப்பினர்களுக்கும்,

ஆண்கள் பெண்கள் ரெண்டு நீச்சல் டீமையும், கூடவே டைவிங்கையும், இந்த சீசனோட நிறுத்துறோம்னு நீங்க விட்ட அறிக்கைய படிச்சேன். அதே வாரம் உங்க டிபார்ட்மெண்ட்ல இருந்தே இன்னொரு மெயில் வந்துச்சு, அமெரிக்கன் ஃபுட்பால் சீசன் டிக்கெட்டை புதுப்பிக்கச் சொல்லி, கூடுதலா டொனேஷன் குடுத்தா பிரையாரிட்டி பாயிண்ட்ஸ் ஏறும், நல்ல சீட் கிடைக்கும், இந்த நேரத்துல உங்க விசுவாசம் எங்களுக்கு ரொம்ப முக்கியம்னு. முதல் மெயில்ல பழைய மாணவர்கள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டோம்னு எங்கயும் இல்ல. ரெண்டாவது மெயில் முழுக்க பழைய மாணவர்கள்தான். இதுக்கு மேல சும்மா இருக்க முடியல.

இதே விஷயத்தை இங்கிலீஷ்ல உங்க ஆபீஸுக்கு ஏற்கனவே எழுதி அனுப்பிட்டேன், உங்க ஆர்வத்துக்கு நன்றின்னு ஒரு ஆட்டோமேட்டிக் பதில் வந்துச்சு, அதோட சரி. இப்ப தமிழ்ல எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதுறதுக்கு காரணம் இருக்கு. இந்த யூனிவர்சிட்டியில படிச்ச தமிழ்க்காரங்க நாங்க நிறைய பேர் இருக்கோம், முக்காவாசி பேர் மாஸ்டர்ஸ், பிஎச்டின்னு வந்தவங்க, வருஷா வருஷம் டொனேஷன் குடுக்குறோம், நாங்க வேலை பாக்குற கம்பெனிங்க அதுக்கு சமமா மேட்சிங் பணம் போடுறாங்க, ஆனா இந்த மாதிரி ஒரு முடிவு வரும்போது மட்டும் "அது அவங்க ஊர் விளையாட்டு, நமக்கென்ன"ன்னு ஒதுங்கிடுறோம். அவங்களும் இதை படிக்கணும். பணம் குடுக்குறவங்களுக்கு கேள்வி கேக்கவும் உரிமை இருக்கு.

எனக்கும் இந்த டீமுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நான் நீந்தினவ இல்ல. மாஸ்டர்ஸ் படிக்கும்போது டிபார்ட்மெண்ட் நோட்டீஸ் போர்டுல நீச்சல் போட்டிக்கு வாலண்டியர் டைமர் வேணும்னு ஒரு பேப்பர் ஒட்டியிருந்தாங்க, போனேன், அதுக்கப்புறம் படிப்பு முடியற வரைக்கும் போயிட்டேதான் இருந்தேன், இதே ஊர்ல வேலை கிடைச்சப்புறமும் விடல. டைமர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன். தண்ணிக்குள்ள சுவர்ல டச்பேட் இருக்கும், நீந்தி வர்றவங்க கை பட்டதும் கடிகாரம் நின்னுடும். சில நேரம் கை சரியா படாது, பேட் வேலை செய்யாது, அதனால ஒவ்வொரு லேன்லயும் டைமருங்க கைல ஒரு பட்டனும் ஒரு ஸ்டாப்வாட்சும் இருக்கும். குனிஞ்சு சுவரையே பாத்துட்டு நிக்கணும், கை தொட்ட அந்த நொடில அமுக்கணும், மேல இருந்து கீழ வரைக்கும் நனைஞ்சுடுவோம். சம்பளம் கிடையாது. எனக்கு இந்த யூனிவர்சிட்டி எந்த பிராண்ட் விளம்பரத்தாலயும் சொந்தமாகல, அந்த ஈர டெக்ல நின்னுதான் சொந்தமாச்சு.

அங்க நான் பாத்தது என்னன்னு நீங்க தெரிஞ்சுக்கணும், ஏன்னா உங்க அறிக்கைல அந்த டீம் ஒரு செலவுக் கணக்கா மட்டும்தான் வருது. 1000 யார்டு ஃப்ரீஸ்டைல் 40 நீளம், நீந்துறவங்களுக்கு எண்ணிக்கை தப்பிடும், அதனால கூட இருக்குற டீம்மேட் ஒருத்தர் அந்தப் பக்கத்து சுவர்ல மண்டி போட்டு உக்காந்து ஒவ்வொரு தடவையும் நம்பர் பலகைய தண்ணிக்குள்ள இறக்கி காட்டுவாங்க. வேகம் குறையுதுன்னு தெரிஞ்சா பலகைய தண்ணிக்குள்ளயே ஆட்டுவாங்க, வா வா போ போன்னு, தன்னோட ரேஸ் அடுத்ததா இருந்தாலும் அதை பத்தி யோசிக்காம. அதே பையன் மறுநாள் காலைல எட்டு மணிக்கு நான் டிஏவா (டீச்சிங் அசிஸ்டெண்ட்) இருந்த லேப்புக்கு ஈரத் தலையோட வந்து நிப்பான், அஞ்சரைக்கே தண்ணில இறங்கி ரெண்டு மணி நேரம் முடிச்சுட்டு. லேப் ரிப்போர்ட் தாமதமா குடுத்ததே இல்ல. போட்டிக்கு வெளியூர் போனா முன்னாடியே வந்து எந்த எக்ஸ்பெரிமெண்ட் விட்டுப்போகும்னு கேட்டு வேற செக்‌ஷனோட சேர்ந்து முடிச்சுட்டுப் போவான். ஸ்டூடண்ட் அத்லெட்னு உங்க எல்லா விளம்பரத்துலயும் போடுறீங்களே, அந்த ரெண்டு வார்த்தைக்கும் பொருத்தமா நடந்துக்கிட்டவங்க இவங்கதான்.

அவங்க எவ்வளவு ஸ்காலர்ஷிப் வாங்குறாங்கன்னு வெளில பல பேருக்கு தெரியாது. காலேஜ் விளையாட்டை நடத்துற என்சிஏஏ அமைப்போட விதிப்படி, மேல் மட்டமான டிவிஷன் 1-ல ஆண்கள் நீச்சல் டீம் மொத்தத்துக்கும் 2024-25 வரைக்கும் 9.9 முழு ஸ்காலர்ஷிப்தான் இருந்துச்சு, பெண்களுக்கு 14. முப்பது பசங்க இருக்குற டீம்ல 9.9-ஐ பிரிச்சா ஒரு ஆளுக்கு என்ன வரும்னு நீங்களே கணக்கு போடுங்க. பாதிக்கு மேல பேர் அப்பா அம்மா காசுலயோ கடன்லயோ டியூஷன் கட்டித்தான் படிச்சாங்க, அதுல வெளிமாநிலத்துக்காரங்க கட்டுறது இன்னும் அதிகம். அந்த டீமை மூடினா அந்தப் பணம் வராது. உங்க அறிக்கைல "மிச்சம்"னு போட்டிருக்குற தொகைல இதை கழிச்சீங்களா? கழிச்ச மாதிரி தெரியல. டியூஷன் யூனிவர்சிட்டி கணக்குக்கு போகுது, செலவு அத்லெட்டிக்ஸ் கணக்குல நிக்குது, அதனால உங்க புத்தகத்துல மட்டும் பாத்தா இந்த டீம் நஷ்டமாத்தான் தெரியும்.

சரி, நீங்க சொல்ற காரணத்துக்கு வர்றேன். ஹவுஸ் செட்டில்மெண்ட், அதாவது காலேஜ் வீரர்களுக்கு பணம் குடுக்க விடாததுக்காக என்சிஏஏ மேல போட்ட கேஸ்ல வந்த சமரசம். 2025 ஜூன் 6-ம் தேதி ஜட்ஜ் கிளாடியா வில்கன் ஒப்புதல் குடுத்தாங்க. அதுப்படி 2016-ல இருந்து விளையாடினவங்களுக்கு பத்து வருஷத்துல கிட்டத்தட்ட 280 கோடி டாலர் பாக்கி பட்டுவாடா ஆகணும், அதுபோக 2025-26-ல இருந்து இதுல சேர்ற ஒவ்வொரு யூனிவர்சிட்டியும் தன் வீரர்களுக்கு நேரடியா பணம் குடுக்கலாம், முதல் வருஷத்துக்கு 2.05 கோடி டாலர் வரைக்கும். இதுல எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்ல, தெளிவா சொல்லிடுறேன். ஸ்டேடியம் நிறைய ஆளு, டிவில கோடி கோடியா காசு, ஆனா ஆடுற பையனுக்கு ஸ்காலர்ஷிப் மட்டும்னு இருந்தது அநியாயம். 2021-ல ஆல்ஸ்டன் கேஸ்ல, வீரர்களுக்கு படிப்பு சம்பந்தமா குடுக்குற சலுகைங்களுக்கு என்சிஏஏ வரம்பு போட முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 9-0-ன்னு தீர்ப்பு சொன்னப்பவே இது வரப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நாலு வருஷம் டைம் இருந்துச்சு.

ஆனா 2.05 கோடிங்கிறது உச்சவரம்பு. அவ்வளவும் குடுத்தே ஆகணும்னு எந்த கோர்ட்டும் சொல்லல. எவ்வளவு குடுக்கணும், எந்த விளையாட்டுக்கு எவ்வளவு, அந்தப் பணத்தை எங்க இருந்து எடுக்கணும்னு முடிவு பண்றது நீங்க. "செட்டில்மெண்ட் எங்களை கட்டாயப்படுத்திடுச்சு"ன்னு மாணவர்கள்கிட்ட சொன்னது சரியில்ல. கல்வித்துறை வருஷா வருஷம் வெளியிடுற அத்லெட்டிக்ஸ் கணக்கு யார் வேணாலும் பாக்கலாம், நானும் பாத்தேன். நீச்சலை மொத்தமா தூக்கினாலும் அந்த வரம்புல ஒரு சின்ன பங்குதான் தேறும். போன ஃபுட்பால் கோச்சை காண்ட்ராக்ட் நடுவுல அனுப்பினப்போ அவருக்கு குடுக்க ஒத்துக்கிட்ட தொகை இந்த ரெண்டு டீமையும் பல வருஷம் ஓட்டியிருக்கும். நீங்க மட்டும் இப்படி பண்றீங்கன்னு சொல்லல, 2023 நவம்பர்ல டெக்சாஸ் ஏ அண்ட் எம் யூனிவர்சிட்டி அவங்க ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்புறதுக்கு 7.5 கோடி டாலருக்கு மேல ஒத்துக்கிட்டாங்க, நாடு முழுக்க அது செய்தி. கோச்சை மாத்தணும்னா பணம் எப்படியோ கிடைச்சுடுது, குளத்துக்கு மட்டும் கிடைக்க மாட்டேங்குது.

அந்த கேஸ் யார் பேர்ல இருக்குன்னு பாத்தீங்களா? கிராண்ட் ஹவுஸ். அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு நீந்தினவர். ஒரு நீச்சல்காரர் முன்னாடி நின்னு எல்லா காலேஜ் வீரர்களுக்கும் சேர்த்து வாதாடி வாங்கின உரிமை அது. அதையே காரணம் காட்டி நீச்சல் டீமை மூடுறோம்னு சொல்றப்போ எனக்கு மனசு வலிக்குது.

அரிசோனா ஸ்டேட் கதையவே இன்னும் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா உங்க மேஜைல இது இருக்கணும்னு நினைக்கிறேன். 2008-ல அங்க ஆண்கள் நீச்சல், ஆண்கள் டென்னிஸ், மல்யுத்தம் மூணையும் நிறுத்துறோம்னு அறிவிச்சாங்க, காரணம் பணம்தான். மல்யுத்தத்துக்கு ஒரு சில நாள்லயே ஆள் சேர்ந்து பணம் வந்து திரும்ப வந்துடுச்சு. நீச்சலுக்கு பழைய வீரர்களும் குடும்பங்களும் சேர்ந்து நிதி திரட்டினாங்க, டீம் பிழைச்சுது. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா, மைக்கேல் ஃபெல்ப்ஸோட கோச் பாப் போமன் அங்க வந்தார், பிரான்ஸ்ல இருந்து லியோன் மார்ஷான்னு ஒரு பையன் வந்தான், 2024 மார்ச்ல அந்த ஆண்கள் டீம் முதல் தடவையா என்சிஏஏ சாம்பியன் ஆச்சு, அதே வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல மார்ஷான் தனியா நாலு தங்கம் அடிச்சான். 2008-ல அந்த பழைய மாணவர்கள் "சரி போகட்டும்"னு விட்டிருந்தா இதுல எதுவுமே அந்த காலேஜ் பேர்ல நடந்திருக்காது. அங்க நிர்வாகம் அவங்களுக்கு டைம் குடுத்துச்சு, எங்களுக்கு நீங்க அதைக்கூட குடுக்கல.

ஸ்டான்ஃபோர்டும் இருக்கு. 2020 ஜூலைல 36 விளையாட்டுல 11-ஐ நிறுத்துறோம்னாங்க. பழைய மாணவர்கள் விடல, கூட்டமைப்பு வச்சாங்க, நிதி உறுதிமொழி வாங்கினாங்க, கேஸ் போட்டாங்க. 2021 மார்ச்ல ஷேன் கிரிஃபித்னு அவங்க மல்யுத்த வீரர் காலேஜ் லோகோ இல்லாத கறுப்பு உடைல இறங்கி என்சிஏஏ பட்டம் ஜெயிச்சார், ஜெயிச்சது ஸ்டான்ஃபோர்டுக்காகத்தான், ஆனா ஸ்டான்ஃபோர்டு பேர் உடம்புல இல்ல. ரெண்டு மாசத்துல நிர்வாகம் முடிவை திரும்ப வாங்கிடுச்சு, 11 விளையாட்டும் தப்பிச்சுது. டார்ட்மவுத்ல அஞ்சு டீமை மூடி அடுத்த வருஷமே திறந்தாங்க, அதுல நீச்சலும் ஒண்ணு. இவ்வளவு பெரிய இடங்களே ஒரு தடவை எடுத்த முடிவை மாத்தியிருக்காங்க, அதனால யாரோட மதிப்பும் குறையல.

மாத்தாத இடமும் இருக்கு. அயோவா யூனிவர்சிட்டி. இன்னிக்கு உலகம் பூரா நீந்துற பட்டர்ஃபிளை ஸ்ட்ரோக் 1930-கள்ல அங்க இருந்த கோச் டேவிட் ஆம்ப்ரஸ்டர் கையில உருவானது, ரெண்டு காலையும் சேர்த்து மீன் வால் மாதிரி அடிக்கிற அந்த டால்ஃபின் கிக் அவரோட மாணவர் ஜாக் சீக் செஞ்சு காட்டினது. அப்பேர்ப்பட்ட இடத்துல 2020 ஆகஸ்ட்ல ஆண்கள், பெண்கள் ரெண்டு நீச்சல் டீமையும் நிறுத்தினாங்க. பெண்கள் நாலு பேர், கல்வி நிறுவனங்கள்ல ஆண் பெண் பாகுபாட்டை தடுக்கிற டைட்டில் 9 சட்டத்துல கேஸ் போட்டாங்க, டிசம்பர்ல கோர்ட் தடை போட்டுச்சு, 2021 பிப்ரவரில பெண்கள் டீம் திரும்பி வந்துச்சு. ஆண்கள் டீம் வரல. உங்க சட்ட ஆலோசகர்கள் இதை படிச்சிருப்பாங்கன்னு நம்புறேன், 1972-ல வந்த அந்த சட்டம் இன்னும் உயிரோட இருக்கு, பெண்கள் டீமை நிறுத்துறப்போ மத்த பெண்களுக்கு எவ்வளவு வாய்ப்பு மிச்சம் இருக்குன்னு எண்ணி காட்ட வேண்டிய பொறுப்பு உங்களோடது.

இப்ப விசுவாசத்துக்கு வர்றேன், ஏன்னா அந்த வார்த்தைய முதல்ல எடுத்தது நீங்க.

2017 வரைக்கும் சீட்டுக்காக நாங்க குடுத்த டொனேஷன்ல 80 சதவீதத்துக்கு வரிச்சலுகை இருந்துச்சு. அந்த வருஷம் வந்த வரிச்சட்டம் அதை எடுத்துடுச்சு. நாங்க நிறுத்தினோமா? இல்ல. டிவி காரங்க சொன்ன நேரத்துக்கெல்லாம் ஆட்டத்தை மாத்துனீங்க, மதியம்னு டிக்கெட் வாங்கினது ராத்திரிக்கு போச்சு, சின்னப் பிள்ளைங்கள தூக்கிட்டு நடு ராத்திரி வீட்டுக்கு போனோம், அப்பவும் வந்தோம். ஸ்டேடியத்தை புதுப்பிக்கிறோம்னு சீட்டையெல்லாம் மறுபடி பங்கு பிரிச்சப்போ வருஷக்கணக்கா ஒரே இடத்துல உக்காந்த வயசானவங்க மேல் அடுக்குக்கு போனாங்க, பாயிண்ட்ஸ் பத்தலன்னு. அவங்களும் வந்தாங்க. இத்தனைக்கும் பல வருஷம் டீம் தோத்துக்கிட்டே இருந்துச்சு. ஜெயிக்கிறப்போ வர்றதுக்கு பேர் விசுவாசம் இல்லன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், அதனால தோக்குறப்பவும் வந்தோம்.

நாங்க ஏன் வந்தோம்னு நீங்க என்னிக்காவது யோசிச்சீங்களா? உங்க டிபார்ட்மெண்ட் அதை ஃபுட்பால் மேல இருக்குற வெறின்னு எடுத்துக்கிட்டு இருக்குன்னு எனக்கு தோணுது. எனக்கு ஃபுட்பால் புடிக்கும், மறுக்கல. ஆனா ஃபுட்பால் நல்லா ஆடுற தொழில்முறை டீம் நாட்டுல எத்தனையோ இருக்கு, அதைவிட நல்லா ஆடுறாங்க, அங்க போய் யாரும் டொனேஷன் குடுக்கிறது இல்ல. இங்க குடுக்குறோம்னா, களத்துல இருக்குறவங்க நாங்க உக்காந்த அதே கிளாஸ்ல உக்காருறவங்க, நாங்க பயந்த அதே ப்ரொஃபசருக்கு பயப்படுறவங்கன்னு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை இப்ப கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சுட்டு வருது. வருஷத்துக்கு ஒரு டீம் மாறுற வீரர்கள்மேல நான் குத்தம் சொல்லல, கோச்சுங்க காலம் காலமா அதைத்தான் பண்றாங்க. ஆனா அந்த நம்பிக்கை இன்னும் முழுசா மிச்சம் இருக்குற இடம் நீச்சல், ஓட்டம், டென்னிஸ் மாதிரி டீமுங்கதான். அதைத்தான் வெட்டுறீங்க. மரத்தோட வேரை வித்து பூச்சட்டி வாங்குற மாதிரி இருக்கு.

சிகாகோ யூனிவர்சிட்டி 1939-ல பெரிய அளவு ஃபுட்பாலையே நிறுத்திட்டாங்க, காலேஜ் ஃபுட்பால்ல சிறந்த வீரருக்கு குடுக்குற ஹைஸ்மன் கோப்பைய முதல்ல வாங்கின ஜே பெர்வாங்கர் படிச்ச இடம் அது. அந்த யூனிவர்சிட்டி பேர் அழிஞ்சு போகல, பழைய மாணவர்களும் அதை கைவிடல. நீங்களும் அப்படி பண்ணுங்கன்னு நான் சொல்ல வரல. ஒரே ஒரு விளையாட்டு நின்னா எல்லாரும் ஓடிடுவாங்கங்கிற பயத்துல நீங்க எல்லா முடிவும் எடுக்க வேண்டாம்னு சொல்றேன்.

அறிவிச்ச விதம் பத்தியும் சொல்லணும். அந்த பசங்களை அவசர மீட்டிங்னு கூப்பிட்டு, சில நிமிஷம் பேசி, கேள்விக்கு நேரம் இல்லன்னு முடிச்சிருக்கீங்க. கோச்சுக்கே அன்னிக்கு காலைலதான் தெரியும்னு டீம்ல இருக்குற ஒரு பொண்ணு என்கிட்ட சொன்னா. அவ மூணாவது வருஷம் இன்ஜினியரிங். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கே, வேற டீமுக்கு போலாமேன்னு அவகிட்ட சொன்னாங்களாம். அந்த செட்டில்மெண்டோட ஒரு டீம்ல இத்தனை பேர்தான் இருக்கலாம்னு ரோஸ்டர் வரம்பு வந்தப்புறம் மத்த டீம்கள்லயும் இடம் சுருங்கிடுச்சு, கிடைச்சாலும் இந்த மாதிரி படிப்புல கடைசி ரெண்டு வருஷ கிரெடிட்டை இன்னொரு யூனிவர்சிட்டி அப்படியே ஏத்துக்காது, ஒரு வருஷம் கூட ஆகும். வெளிநாட்டுல இருந்து வந்த பசங்களுக்கு விசா ரெக்கார்டையே மாத்தணும், அது முடியற வரைக்கும் என்ன ஆகுமோன்னு உக்காந்திருக்கணும். நானும் எஃப்-1 மாணவர் விசால இருந்தவ, அந்த பயம் எப்படின்னு எனக்கு தெரியும். பதினெட்டு வயசு பசங்க உங்க கோச் குடுத்த வாக்கை நம்பி மத்த காலேஜையெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டு வந்தாங்க. கிளப் டீமா நடத்திக்கலாம்னு ஆறுதல் சொல்றீங்க, கோச் இல்லாம, போட்டிக்கு போற செலவை தாங்களே போட்டுக்கிட்டு, நேரம் கிடைக்கிறப்போ குளத்துல இறங்குறது நீங்க அவங்களுக்கு வாக்கு குடுத்த விஷயம் இல்ல.

குளத்தை பத்தி உங்க அறிக்கைல ஒரு வரியும் இல்ல. சனிக்கிழமைல அந்த டீம் பசங்கதான் ஊர்க் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்குடுக்குறாங்க, என் பொண்ணு தண்ணில மூஞ்சிய வைக்க பயந்தவ, ரெண்டாவது வருஷம் படிக்கிற ஒரு டைவர் அவ கூடவே இடுப்பளவு தண்ணில நின்னு வாரக்கணக்கா பொறுமையா கத்துக்குடுத்தாங்க. இந்த நாட்டுல ஒண்ணுல இருந்து நாலு வயசு குழந்தைங்க சாவுக்கு முதல் காரணம் தண்ணில மூழ்குறதுதான்னு அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு மையமான சிடிசி சொல்லுது. டீம் போச்சுன்னா கோச்சுங்க போவாங்க, சொல்லிக்குடுக்குற பசங்க போவாங்க, கொஞ்ச நாள்ல பராமரிப்பு செலவு அதிகம்னு குளமும் போகும். அடுத்த அறிக்கை அதுதான்னு இந்த ஊர்ல எல்லாரும் பயந்துட்டு இருக்கோம், இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க.

எங்க கோரிக்கைங்க இதுதான். முதல்ல இந்த முடிவை ரெண்டு சீசனுக்கு நிறுத்தி வைங்க. அந்த ரெண்டு வருஷத்துல நிரந்தர நிதி ஒண்ணு திரட்ட பழைய வீரர்களும் நாங்களும் தயாரா இருக்கோம், எவ்வளவு வேணும், எப்ப வரைக்கும்னு எழுத்துல குடுங்க, குடுத்தப்புறம் அந்த இலக்கை நடுவுல ஏத்தாதீங்க. ஏத்த மாட்டோம்னு போர்டே தீர்மானம் போடணும்.

கணக்கு வேணும். விளையாட்டு வாரியா வரவு செலவு, நீச்சல் டீம் பசங்க கட்டுற டியூஷனையும் சேர்த்து, கோச்சுங்களுக்கு காண்ட்ராக்ட் முறிச்சு குடுக்குற பணத்தையும் சேர்த்து, அரசு யூனிவர்சிட்டிங்கிறதால பப்ளிக் ரெக்கார்ட்ஸ் கோரிக்கை போட்டு நாங்களே வாங்கலாம், போடவும் போறோம், ஆனா அதுக்கு முன்னாடி நீங்களா வெளியிட்டா நல்லது.

நீச்சல் டீமுக்குன்னே பேர் போட்டு பல வருஷமா குடுத்த டொனேஷன் எங்க இருக்கு, எவ்வளவு மிச்சம், டீம் இல்லன்னா அது எங்க போகும்னு ஒவ்வொரு டோனருக்கும் எழுத்துல பதில் வேணும். டோனர் போட்ட நிபந்தனைய அவங்க சம்மதம் இல்லாம நீங்களா மாத்திட முடியாதுன்னு உங்களுக்கு தெரியும். அதை ஜெனரல் ஃபண்டுக்கு மாத்துறோம்னு ஒரு லெட்டர் வந்தா நாங்க வக்கீலோடதான் பேசுவோம்.

இப்ப டீம்ல இருக்குற ஒவ்வொருத்தருக்கும் டிகிரி முடியற வரைக்கும் இப்ப இருக்குற ஸ்காலர்ஷிப், டியூட்டரிங், மெடிக்கல் வசதி எல்லாம் தொடரும்னு தனித்தனியா கையெழுத்து போட்டு குடுங்க, வாய் வார்த்தை போதாது. போக விரும்புற வெளிநாட்டு மாணவர்களுக்கு விசா வேலைக்கு ஒரு ஆளை ஒதுக்குங்க. சேர்றேன்னு கையெழுத்து போட்டுட்டு இன்னும் வராத பசங்களையும் மறந்துடாதீங்க, அவங்க மத்த இடத்தையெல்லாம் விட்டுட்டு உக்காந்திருக்காங்க.

அடுத்த போர்டு கூட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் வர்ற மாதிரி ஒரு கூட்டம் கேம்பஸ்லயே வைங்க, டைரக்டர் நேர்ல வரணும், வீரர்கள் பேசணும், கேள்விக்கு நேரம் இருக்கணும். இனிமே எந்த டீமை நிறுத்துறதா இருந்தாலும் ஓட்டு போடுற கமிட்டியில ஒரு மாணவ வீரரும் ஒரு பழைய மாணவரும் இருக்கணும்னு விதியையும் மாத்துங்க. குளம் என்ன ஆகும்னு அந்தக் கூட்டத்துலயே சொல்லிடுங்க.

இதுக்கெல்லாம் பதில் வர்ற வரைக்கும் என் சீசன் டிக்கெட்டை நான் புதுப்பிக்கல, வருஷ டொனேஷனும் உங்க டிபார்ட்மெண்டுக்கு வராது. அந்தப் பணத்தை பழைய நீச்சல் வீரர்கள் தனியா ஆரம்பிக்கிற நிதிக்கு குடுக்கப் போறேன், கம்பெனி மேட்சிங் கிடைக்குமான்னும் கேட்டிருக்கேன். இதை படிக்கிற தமிழ் பழைய மாணவர்களும், கூடப் படிச்சவங்களும், உங்க புதுப்பிப்பு லெட்டருக்கு பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இந்த கேள்விகளை உங்க பேர்ல எழுதி போர்டு செயலாளருக்கு அனுப்புங்க.

இப்படிக்கு,
இந்த யூனிவர்சிட்டியோட பழைய மாணவி, நீச்சல் போட்டி வாலண்டியர் டைமர்